எண்ணிக்கையுள் வாராத தொண்டர் மகளிர்

திருத்தொண்டர் அறுபத்து மூவருள் மகளிர் மூவர். காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என்போர் அவராவர். இது சைவ நன்மக்கள் யாவரும் அறிந்தது. ஆயினும், திருத்தொண்டர் புராணத்தை முதல் தொடங்கி முடிவு வரை ஓதுவார்க்கு, அந்நூலுள் தொண்டு புரிந்து நிற்கும் மகளிர் இம்மூவரோடு அமைந்துவிடவில்லை என்பது இனிது விளங்கும். கணவரது பெருநோன்புக்குக் காரணமாய் நின்றவர், விதைநெல்லை அமுதாக்க வழி கூறியவர், தம்பியைத் திருநெறிக்கு மீட்டவர், ஒரு மனையில் ஏவல் செய்திருந்த தாதியார் எனப் பலர் அதனுள் உளர். எண்ணிக்கையுள் வாராத இவர்கள், எண்ணப்பெற்ற நாயன்மார் வரலாற்றின் நடுவிடத்தே நிற்கின்றனர். இவருட் சிலருக்குப் பெயர்தானும் தெரிந்திலது.

பழங்கதைகளை, அவற்றுள் ஒதுங்கி நிற்கும் மகளிர் நிலையினின்று மீண்டும் சொல்லும் முயற்சி இக்காலத்தே பல மொழிகளிலும் நடைபெறுகின்றது. அம்முயற்சியிற் புகுந்தோர் பலர், மூலநூலில் இல்லாத சொற்களை அம்மகளிர் வாயிற் பெய்து புதுக்கதை புனைகின்றனர். திருத்தொண்டர் புராணத்துக்கு அத்தகைய புனைவு வேண்டுவதில்லை. சேக்கிழார் பெருமான் சொல்லியதனைச் சொல்லியவாறே கொண்டு, அம்மகளிர் நின்ற இடத்தினின்று நோக்குதல் போதும். அங்ஙனம் நோக்குமிடத்துப் புலனாகும் உண்மை ஒன்றுண்டு. எண்ணிக்கை விட்டுவிட்டவரைத் திருவருள் விட்டுவிடவில்லை என்பதே அது.

தொகையும் விரியும்

சுந்தரமூர்த்தி நாயனார் திருவாரூரில் அருளிச்செய்த திருத்தொண்டத்தொகை 11 திருப்பாட்டுக்களால் ஆயது. அஃது அடியார்க்கு அடியேன் என வணங்கிச் செல்லும் வணக்கநூல், வரலாற்று நூலன்று. ஓரடியார்க்கு ஒரு பெயரோ, ஓர் அடைமொழியோ அன்றி அதனுள் இடமில்லை. நம்பியாண்டார் நம்பிகள் தம் திருவந்தாதியில் அதனை வகைப்படுத்தினார். 12-ஆம் நூற்றாண்டில் அநபாய சோழன் காலத்துத் தோன்றிய சேக்கிழார் அதனை விரித்து வரலாறாக்கினார். அநபாயன் என்பான் 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கனே என்பது வரலாற்றாசிரியர் பலர் கொண்ட முடிபு.

எண்ணப்பெற்ற மகளிர் மூவர்க்கும் புராணத்துள் அமைந்த இடம் ஒருபடித்தன்று. காரைக்காலம்மையார் புராணம் 66 பாடல்களால் ஆயது. மங்கையர்க்கரசியார்க்கு 3 பாடல்களும், இசைஞானியார்க்கு 1 பாடலும் தனியே உள்ளன. பாண்டிமாதேவியாரின் அரும்பெருஞ் செயல் திருஞானசம்பந்தர் புராணத்துள் விரிவாகக் கூறப்பட்டமையின், தனிப்புராணம் சுருங்கிற்று. இசைஞானியாரோ, சுந்தரரைப் பெற்ற தாயார் என்னும் பெருமையால் எண்ணப்பெற்றார். இவ்வாறிருக்க, எண்ணப்படாத திலகவதியாரோ திருநாவுக்கரசர் புராணத்தின் தோற்றுவாய் முழுவதையும் தாங்கி நிற்கின்றார். ஆகவே, எண்ணிக்கை வேறு, வரலாற்றில் ஒருவர் ஆற்றிய செயல் வேறு என்பது தெளிவாம். எண்ணிக்கையை மட்டும் மனத்திற் கொண்டு நூலை ஓதுவார், செயலுடையாரைக் காணாது கடந்துவிடுதல் கூடும்.

முதல் மூன்று மனைகள்

தில்லைவாழந்தணரை வாழ்த்தியபின் சேக்கிழார் தொடர்ந்து கூறும் புராணங்கள் மூன்று. திருநீலகண்டக் குயவனார், இயற்பகையார், இளையான்குடி மாறனார் என்னும் இம்மூவர் வரலாறும் இல்லத்தினுள் நிகழ்வன. தொழிலால் ஒருவர் குயவர், ஒருவர் வணிகர், ஒருவர் உழவர். மூன்று மனைகளிலும் மனைவியார் பெயர் கூறப்படவில்லை. மூன்றிலும் வரலாறு திரும்பும் இடம் அம்மனைவியார் நெஞ்சமே.

தில்லையில் வாழ்ந்த குயவனார் ஒருநாள் பரத்தை மனை சென்று மீண்டார். மனைவியார் அதனை அறிந்தார். இல்லத்துக்கு உரிய பணிகளில் ஒன்றையும் அவர் விடவில்லை. கூடுதலுக்கு மட்டும் இசைந்திலர். கணவர் இரந்து அணுகியபொழுது, எம்மைத் தீண்டுவீராயின் திருநீலகண்டம் என்று ஆணையிட்டார். அவர் கையாண்டது கணவர் எப்பொழுதும் உச்சரித்து உருகும் திருப்பெயர். ‘எம்மை’ என்னும் பன்மைச் சொல்லைக் கேட்ட நாயனார், அச்சொல் மகளிர் அனைவரையும் குறித்ததாகக் கொண்டு, எல்லா மாதரையும் மனத்தினாலும் தீண்டேன் எனத் துணிந்தார்.

இவ்வரலாறு பெரும்பாலும் நாயனாரது உறுதிப்பாட்டை வியந்து சொல்லப்படுவது. அவ்வுறுதி வியத்தற்குரியதே. ஆயின் மனைவியார் பக்கம் நின்று நோக்குக. தவறியவர் அவரல்லர். தவற்றைக் கண்டு, அதனைப் பொறுத்துக்கொண்டு வாளா இருத்தலையோ, ஊரறியப் பழித்துரைத்தலையோ அவர் மேற்கொள்ளவில்லை. திருவாணை ஒன்றால் எல்லை வகுத்தார். கணவரது பற்று எங்குளது என்பதை அறிந்து, அப்பற்றின்மீதே ஆணையை நிறுத்தினார். அவ்வாணையின் சுமையோ கணவர்க்கு மட்டும் உரியதன்று. ஒரு சிறு மனையினுள் அயலார் அறியாமல் இருவரும் இளமை கழிந்து முதுமை எய்தும்வரை வாழ்ந்தனர். கணவர் காத்த நோன்பு எத்துணை ஆண்டினதோ அத்துணை ஆண்டினதே மனைவியார் காத்த நோன்பும்.

சிவயோகியாராய் வந்த பெருமான் தம் ஓட்டை மறையச் செய்து, மனைவி கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்க என்று வழக்கிட்டதன் கருத்து ஈண்டு நோக்கத்தக்கது. மறைவாய்க் கிடந்த நோன்பு இருவர்க்கும் உரியதாகலின், அதனை வெளிப்படுத்தும் சோதனையும் இருவரையும் ஒருங்கே குளத்தில் இறக்கிற்று. மூங்கில் தண்டின் ஒரு தலையைக் கணவரும் மறுதலையை மனைவியாரும் பற்றி இறங்கினர். இருவரும் இளமை பெற்று எழுந்தனர். புலன்களை வென்றவர் எனப் பெருமான் பாராட்டித் தம்மிடத்து என்றும் பிரியாதிருக்கப் பணித்தது ஒருவரையன்று, அவ்விருவரையும்.

இளையான்குடியில் நிகழ்ந்தது வேறுவகை. செல்வம் சுருங்கிய காலத்து, மழைபெய்யும் நள்ளிரவில், பசித்த அடியார் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். மாறனார் மனைவியாரை நோக்கி வழி யாது என வினவினார். மனையில் ஒன்றுமில்லை, அயலார் இனிக் கடன் தருவாருமில்லை, காலமும் கடந்தது என்று நிலைமையை உள்ளவாறு எடுத்துரைத்தவர் அம்மையார். அதன்பின், பகலில் வயலில் விதைத்த செந்நெல்லின் முளையை வாரிக்கொண்டுவரின் வல்லவாறு அமுதாக்கலாகும் என்று வழி கூறியவரும் அவரே. இருளிற் காலால் தடவிச் சென்று அம்முளைநெல்லை வாரிக்கொணர்ந்தவர் மாறனார். விறகில்லை என்றபொழுது கூரையின் கழிகளை அறுத்து வீழ்த்தியவரும், கறிக்கு முதிராத கீரைகளைப் பறித்துத் தந்தவரும் அவரே. ஈரநெல்லை வறுத்துக் குற்றி அரிசியாக்கியதும், ஒரு கீரையையே பலவகைக் கறியாகச் சமைத்ததும் அம்மையாரின் கைத்திறம்.

விதைநெல் என்பது உழவர் குடிக்கு வருங்காலமே ஆகும். அதனை எடுத்து உண்பித்தால் அடுத்த அறுவடை இல்லை. கூரையின் கழி போயின் மீட்டும் கட்டிக்கொள்ளலாம். விதை போயின் ஆண்டு முழுதும் போயிற்று. அடுப்பையும் கலத்தையும் நாள்தோறும் ஆளுகின்ற மனைவியார் அதனை அறியாதவரல்லர். அறிந்தே சொன்னார். சொன்ன சொல்லில் அச்சமோ முறையீடோ இல்லை. செய்யத்தகும் ஒன்றைக் கூறி, இதனின் வேறு அறியேன் என்று முடித்தார். மாறனார் புராணத்துள் ஈகையின் உச்சி எது எனின், அஃது அம்மையார் வாயினின்று வந்த அவ்வொரு யோசனையேயாம். பெருமான் வெளிப்பட்டு அருளியபொழுதும் மனைவியாரோடு தம் உலகிற்கு வருக என்றே அழைத்தருளினார்.

இவ்விரு மனைகட்கும் இடையே கூறப்படுவது காவிரிப்பூம்பட்டினத்து இயற்பகையார் மனை. அடியார் கேட்டதனை இல்லை என்னாதவர் அவர். வேதியர் உருவில் வந்த பெருமான் அவருடைய மனைவியாரையே கேட்டார்; அவரும் மகிழ்ந்து கொடுத்தார். இவ்வரலாற்றை ஓதுங்கால் நல்லோர் பலர் உள்ளம் கூசுதல் உண்டு. மனைவி ஒரு பொருளாய்க் கொடுக்கப்படுதல் தகுமோ என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவைப் பிழையெனத் தள்ளுதல் வேண்டா. சேக்கிழார் பெருமானே அதனைத் தள்ளவில்லை. கணவர் உரைத்தது கேட்டதும் அம்மையார் முதலிற் கலங்கினார் என்றும், பின்னரே மனந்தெளிந்தார் என்றும் அவர் கூறுகின்றார். கலக்கத்தைச் சொல்லாது விட்டிருப்பின், அம்மையார் கைமாறிய ஒரு பொருளாகவே நின்றிருப்பார். கலக்கத்தைச் சொன்னமையால், அங்கே அஞ்சும் உயிரொன்று, தானே தெளியும் உயிரொன்று, நிற்பது தெரிகின்றது. கலக்கத்துக்கும் தெளிவுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதில் அவர் நெஞ்சில் நிகழ்ந்தது யாது என்பதைப் புராணம் கூறவில்லை. அந்நெஞ்சின் பெருமையை அவ்விடத்தே விட்டு வணங்கிச் செல்கின்றது.

தெளிந்தபின் அவர் நடுங்கவில்லை. சுற்றத்தார் படைகொண்டு மறித்தபொழுது, அஞ்சினார்போல் தம்மை நோக்கிய வேதியர்க்கு, அஞ்ச வேண்டா, இயற்பகை வெல்வார் என்று உறுதி கூறியவர் அவரே. கொடுத்தவர் கணவரேனும், கொண்டவர்க்குத் துணிவு தந்தவர் கொடுக்கப்பட்டவர்! திருச்சாய்க்காட்டின் அருகே வேதியர் மறைந்தார். அம்மையார் தனித்து நின்றார். அதன்பின் விண்ணில் விடைமேல் தோன்றிய பெருமான், மனைவியோடு நம்முடன் வருக என்றே நாயனாரை அழைத்தார். சோதனை முடிந்த இடத்து, கொடுத்தவரும் கொடுக்கப்பட்டவரும் ஒரே நிரையில் நின்று அருள் பெற்றனர்.

வணிகனது இரண்டாம் மனைவியார்

காரைக்காலம்மையார் வரலாறு மிகப் புகழ்வாய்ந்தது. மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய பரமதத்தன் கடல் வாணிகம் செய்வான்போல் நீங்கி, பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் வேறொரு வணிகன் மகளை மணந்து வாழ்ந்தான். அங்கே பிறந்த பெண்மகவுக்குப் புனிதவதி என்று பெயரிட்டான். அப்பெயர் யாருடையது என்பதைத் தன் புதிய மனைவிக்கு அவன் எடுத்துரைத்ததாகப் புராணத்திற் காணப்படவில்லை.

சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றிக் கொணர்ந்தபொழுது, அவன் இரண்டாம் மனைவியோடும் மகளோடும் எதிர்வந்து அம்மையார் திருவடியில் வீழ்ந்தான். இக்காட்சியில் எல்லார் கண்ணும் அம்மையாரையே நோக்கும். அடுத்து நோக்குவது அஞ்சி ஒதுங்கிய சுற்றத்தாரை. கணவனோடு வீழ்ந்து வணங்கிய அவ்விளம் மனைவியை நோக்குவார் அரியர். அவள் பெயர் தெரிந்திலது; அவள் சொல் ஒன்றும் நூலில் இல்லை. அவளுக்கு முன்னே அன்று நிகழ்ந்தவை பல. கணவனுக்கு முன்னொரு மனைவி உண்டு என்பது ஊரறிய வெளிப்பட்டது. தான் பெற்ற மகளை நாள்தோறும் அழைத்த பெயர் அம்மனைவியின் பெயர் என்பதும் வெளிப்பட்டது. இவ்வளவும் ஒருங்கே வெளிப்பட்ட பொழுதில் அவள் செய்தது, மகளோடு தாழ்ந்து வணங்கியதே.

அம்மையார் அவ்விடத்தே தசைப்பொதி கழித்துப் பேய்வடிவு வேண்டிப் பெற்றார். அற்புதத் திருவந்தாதி முதலாய திருமுறைப் பனுவல்கள் தமிழுக்குக் கிடைத்தன. திருக்கயிலைக்குத் தலையால் நடந்து சென்றவர் எம்பெருமானால் அம்மையே என அழைக்கப்பெற்றார். அவ்விளம் மனைவியோ தன் மகளோடு அவ்வூரிலே நின்றுவிட்டாள். அவள் மகளை அழைக்குந்தோறும் அம்மையார் திருப்பெயரே அவள் வாயில் வந்தது. அறிந்தோ அறியாதோ ஒரு பெருந்தொண்டர் பெயரைப் பலகாலும் உச்சரித்த அவ்வாய்க்கும் அதன் பயன் இல்லையாகாது என்பது சைவத்தின் துணிபு.

திருவதிகைத் தமக்கையார்

திலகவதியாரைத் திருநாவுக்கரசரின் தமக்கையார் என்றே உலகம் அறியும். புராணம் அவரைக் காட்டும் முறையோ இதனினும் பெரிது. திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் பிறந்த அவர், கலிப்பகையார் என்னும் வீரர்க்கு மணம் பேசப்பெற்றவர். மணம் நிகழுமுன் கலிப்பகையார் அரசன் ஏவலாற் போர்மேற் சென்றார். தந்தையார் நோயால் இறந்தார். தாயார் உடன் உயிர் நீத்தார். அத்துயர் ஆறுமுன் கலிப்பகையார் போரில் வீழ்ந்த செய்தியும் வந்தது. அம்மையார் தாமும் உயிர்விடத் துணிந்தார். இளந்தம்பியார் மருணீக்கியார் அடியில் வீழ்ந்து, நீர் நீங்கின் யான் முன்னே நீங்குவேன் என்று அழுதார். தம்பி வாழ்தல் வேண்டும் என்னும் இரக்கம் அம்மையாரது உயிரைத் தாங்கிற்று. அணிகலன் துறந்து, மனையிலிருந்தே தவம் புரிந்தார்.

யாருக்காக உயிர் தாங்கினாரோ அத்தம்பியே பின்னர் அமண் சமயம் சார்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றுப் பாடலிபுத்திரத்தில் பெருமையோடிருந்தார். அம்மையார் தனியராய்த் திருவாமூரை விட்டுக் கெடிலக்கரையில் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, அலகிட்டும் மெழுக்கிட்டும் பூமாலை தொடுத்தும் பணிசெய்து நின்றார். அந்நாளில் அவர் தம்பியைப் பழித்ததாகவோ, வழக்காடச் சென்றதாகவோ கூறப்படவில்லை. பரசமயக் குழியினின்று அவனை எடுத்தருளல் வேண்டும் என்று பெருமானிடத்தே பலகால் விண்ணப்பித்தார். பெருமான் கனவில் தோன்றி, சூலைநோயால் அவனை ஆட்கொள்வேம் என்று அருளினார்.

ஈண்டு அம்மையார் நிலையைச் சற்று நின்று எண்ணுதல் தகும். தம்பிக்கு வரப்போவது கொடுநோய் என்பதை அந்நோய் வருமுன்னரே அறிந்தவர் தமக்கையார் ஒருவரே. தாம் வளர்த்த பிள்ளை குடல் முறுக்குண்டு துடிக்கப்போகின்றான். அதுவே அவன் உய்தற்கு வழி. இவ்விரண்டையும் ஒருங்கே நெஞ்சில் தாங்கி அவர் அலகிடுதலை விடாது செய்தார். நோய் கண்டு அமண் முனிவர் கைவிட்டபின், தம்பியார் தம் சமையற்காரனை அனுப்பினார். உடன் சென்று காண அன்பு ஈர்த்திருக்கும். ஆயினும் அம்மையார் அமண் பாழிக்கு வாரேன் என்று மறுத்துவிட்டார். அம்மறுப்பு அன்பின்மையால் வந்ததன்று. நோய் தீர்க்கும் இடம் எது என்பதைக் காட்டும் அறிவுறுத்தலே அது. அச்சொல்லைக் கேட்டதும் தம்பியார் பாயும் குண்டிகையும் பீலியும் விடுத்து, வெள்ளாடை உடுத்து, இரவில் தமக்கையார் திருவடி வந்து வீழ்ந்தார்.

அம்மையார் அவரை எடுத்து, பெருமான் அருளை நினைந்து, திருவைந்தெழுத்தோதித் திருநீறு கொடுத்தார். வைகறையில் திருவலகும் தோண்டியும் ஏந்தித் திருக்கோயிலுக்குச் சென்றபொழுது உடன் அழைத்துச் சென்றார். திருவீரட்டானத்தில் முதற் பதிகம் பிறந்தது, சூலை தீர்ந்தது, நாவுக்கரசு என்னும் திருநாமம் வந்தது. திருநீறும் திருவைந்தெழுத்தும் கொடுத்துத் திருவடிக்கு வழிகாட்டுதல் யாருடைய செயல்? சைவ நூல்கள் அதனைக் குருவின் செயல் என்னும். ஆகவே திருநாவுக்கரசர்க்குத் தமக்கையார் உறவால் மட்டும் தமக்கையாரல்லர். நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகள் தோன்றுதற்கு முன்னின்ற கை அவருடையது. அதன்பின் புராணம் நாவுக்கரசரைப் பின்தொடர்ந்து செல்கின்றது. அம்மையார் தம் அலகோடு திருவதிகையில் நிற்கின்றார்.

செங்காட்டங்குடித் தாயும் தாதியும்

திருத்தொண்டர் புராணத்துள் ஓதுவார் நெஞ்சை மிக வருத்துவது சிறுத்தொண்டர் வரலாறு. பரஞ்சோதியார் என்னும் இயற்பெயர் கொண்டு வாதாபி நகரத்தை அழித்த படைத்தலைவர் அவர். திருஞானசம்பந்தர் பதிகத்தில் பெயர் சுட்டிப் பாராட்டப்பெற்றவர். வாதாபி அழிந்தது 642-ஐ ஒட்டிய காலத்து, முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் ஆட்சியில் என்பர். அவர் மனைவியார் திருவெண்காட்டு நங்கையார், மைந்தர் சீராளர், மனையில் ஏவல் செய்தவர் சந்தனத் தாதியார்.

பயிரவக் கோலத்து வந்த பெருமான் கேட்ட உணவு, ஒரு குடிக்கு ஒரு மகனாய், ஐந்து வயதினனாய், தந்தை அரியத் தாய் பிடிக்க, இருவரும் மனமுவந்து சமைத்தது. இவ்வேண்டுகோளைக் கணவர் வந்து கூறியபொழுது, நங்கையார் அதற்கேற்ப அமுதமைப்போம் என்றார். உடனே, ஒரு குடிக்கு ஒருவனாய அச்சிறுவனைப் பெறுவது எவ்வாறு என வினவினார். தம் மகனை அவர் முன்வைக்கவில்லை, வினாவையே முன்வைத்தார். பொருள் கொடுத்தால் மகனைத் தருவார் உளராகலாம், தாமே அரிவார் இல்லை, நம் மகனையே அழைப்போம் என்று விடை கூறியவர் கணவர். விடை இன்னதெனத் தாயின் உள்ளம் முன்னரே அறிந்திருக்கும். அறிந்தும் வினாவாக நிறுத்தியது, அச்சொல்லைச் சொல்ல நா எழாமையாலேயே எனக் கொள்ளலாம்.

பள்ளியினின்று வந்த சீராளரைத் தாயார் வாங்கிக் குஞ்சி திருத்தி, முகந்துடைத்து, மஞ்சனமாட்டினார். ஆயின் உச்சி மோந்திலர். மார்பில் அணைத்து முத்தங் கொண்டிலர். அடியார்க்கு உரிய அமுதைத் தாம் முன்னர்ச் சுவைத்தலாகாது என்பதே காரணம். ஒரு தாய் தன் மகனைக் கடைசியாக அலங்கரித்து முத்தமிடாது நிற்றல்! சேக்கிழார் இவ்விடத்தில் தாயின் அழுகையைக் கூறவில்லை. கொள்ளாத முத்தத்தைக் கூறினார். அழுகையைக் கூறியிருப்பினும் இத்துணை நோவாது. பின்பு தாயார் மைந்தர் கால்களை மடியில் இடுக்கிக் கைகளைக் கையாற் பிடித்தார். பெற்றோர் முகமலர்ச்சியைக் கண்டு மகனும் நகைத்தார்.

இனி, தாதியாரை நோக்குக. தலையிறைச்சி அமுதுக்கு ஆகாதென நீக்கப்பட்டுச் சந்தனத் தாதியார் கையில் கொடுக்கப்பட்டது. அமுது படைக்கும்பொழுது பயிரவர் அதனையே கேட்டார். சிறுத்தொண்டரும் நங்கையாரும் செய்வதறியாது திகைத்தனர். அப்பொழுது தாதியார், அமுது செய்வார் இதனை நினைக்கவும் கூடுமென எண்ணி முன்னரே சமைத்து வைத்தேன் என்று எடுத்துக் கொடுத்தார். படைத்தலைவர்க்கும் பெற்ற தாய்க்கும் தோன்றாத குறிப்பு ஏவலாட்டியார்க்குத் தோன்றிற்று. அக்குழந்தையைச் சீராட்டிய மனையில் அவரும் உடனிருந்தவரே. அவர்க்கு ஆணையிட்டவர் இல்லை. அவர் கேட்டுச் செய்ததுமில்லை. தாமே எண்ணித் தாமே செய்தார். அடியார்க்குத் தொண்டு செய்தலில் அவருக்கென ஓர் அறிவும் ஓர் அன்பும் உண்டு என்பதனை அவ்வொரு செயல் நிறுவுகின்றது.

பயிரவர் ஆணைப்படி பெற்றோர் இருவரும் வெளியே வந்து மகனை அழைத்தனர். இல்லாத மகனை அழைத்தல் எளிதன்று. கணவர் அழைத்தபின் நங்கையாரும், அடியார் உடனுண்ண அழைக்கின்றார் என்று மகனைப் பெயர்சொல்லிக் கூவினார். பள்ளியினின்று ஓடிவருவார்போல் சீராளர் வந்தார். தாயார் எடுத்துத் தழுவினார். முன்னர்க் கொள்ளாது விட்ட தழுவல் அப்பொழுது அவர்க்குக் கிடைத்தது. பெருமான் உமையம்மையாரோடும் முருகக் கடவுளோடும் தோன்றி அருளியபொழுது, தம் திருவடிக்கீழ் என்றும் பிரியாதிருக்க உடன்கொண்டு சென்றவர் யாவர் என்பதைச் சேக்கிழார் எண்ணிக் கூறுகின்றார்: தொண்டர், மனைவியார், மகனார், தாதியார் என நால்வர்.

செம்பிலும் சொல்லிலும்

தஞ்சை இராசராசேச்சரக் கல்வெட்டொன்று ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. முதலாம் இராசராசனது 29-ஆம் ஆட்சியாண்டு, அஃதாவது 1014-ஐ ஒட்டிய காலம் வரையில், ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்த வேளான் அக்கோயிலில் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளுள் சிறுத்தொண்ட நம்பி, திருவெண்காட்டு நங்கை, சீராளதேவர் ஆகியோர் திருமேனிகளும் உள்ளன. அவனே நம்பியாரூரரோடு நங்கை பரவையாரையும் எழுந்தருளுவித்தான். சேக்கிழார்க்கு நூறாண்டுக்கு மேற்பட்ட முன்னரே, எண்ணிக்கையுள் வாராத மகளிர்க்குப் பெருங்கோயிலில் வழிபாடு அமைந்துவிட்டது என்பது இதனாற் பெறப்படும். மக்கள் அன்பு எண்ணிக்கையைப் பார்த்து நின்றதில்லை. ஆயினும் செங்காட்டங்குடி மனையினின்று அச்செம்பில் வடிக்கப்பெற்றவர் மூவர். சேக்கிழார் எண்ணியவர் நால்வர். செம்பில் வாராத தாதியார் சொல்லில் வந்தார்.

இல்லறத்தில் கணவனும் மனைவியும் ஒருவரேயாகலின், நாயனாரை எண்ணியதே மனைவியாரையும் எண்ணியதாகும் எனின், அவ்விடை சிலர்க்குப் பொருந்தும், எல்லார்க்கும் பொருந்தாது. திலகவதியார் யார்க்கும் மனைவியாரல்லர். தாதியார் அம்மனைக்கு உறவினருமல்லர். குயவனார் மனைவியார் கணவரோடு ஒன்றாய் நின்றதனால் அன்று, அவரைத் தடுத்து நின்றதனாலேயே அவர்க்கு வழிகாட்டினார். ஒவ்வொருவர் அன்பும் அவரவர்க்கே உரியது. பிறர் அன்பின் நிழலன்று.

சித்தாந்த நூற்றுணிபும் இதுவே. சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம் ஆண், பெண், அஃறிணை எனச் சுட்டப்படும் உலகம் முழுவதையும் ஒருங்கே ஒரு முதல்வனது முத்தொழிலுக்கு உட்படுத்துகின்றது. ஆண் பெண் என்னும் வேறுபாடு உடம்பினது, உயிர்க்கு அஃதில்லை. மலமும் உயிர்தோறும் உண்டு; அருளும் உயிர்தோறும் உண்டு. சுந்தரமூர்த்தி நாயனாரும் தனியடியாரோடு நின்றுவிடாமல், பத்தராய்ப் பணிவார், சித்தத்தைச் சிவன்பாலே வைத்தார் முதலிய தொகையடியாரையும் ஒன்பது கூட்டமாக வைத்து வணங்கினார். அறுபத்து மூன்று என்னும் எண் அடைந்த எண். திருத்தொண்டத்தொகையோ அடைத்த கதவன்று. பத்தராய்ப் பணிந்தவர் என்னும் பெயர் திருவதிகையில் அலகிட்ட கைக்கும், இளையான்குடியில் முளைநெல் வறுத்த கைக்கும், செங்காட்டங்குடித் தாதியார் கைக்கும் உரியதே.

சேக்கிழார் இம்மகளிருட் பெயர் கிடைத்தவரைப் பெயரோடு வைத்தார். கிடைக்காதவர்க்குப் பெயர் புனைந்திலர். பெயரில்லாதவர்க்கும் சொல்லையும் செயலையும் மறவாது கொடுத்தார். திருக்கோயில் திருச்சுற்றில் அறுபத்து மூவர் திருமேனிகளை வரிசையாய் வணங்கி வருவார், அந்நிரையில் குயவனார் முன்னும் மாறனார் முன்னும் ஒருகணம் நின்று, அருகே காணப்படாத ஒருவரையும் நினைந்து கைகூப்புவாராயின், அது புது வழக்காகாது. பெருமான் அவர்களை அழைத்தருளிய முறையே அது.

திருச்சிற்றம்பலம்.